வெல்வெட் சட்டை போட்ட றேடியோ

மஃரிபுத் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அலுமாரிக்கு மேலே இருந்த றேடியோவின் குமிழைத் திருகினேன். வழக்கமாக முதலில் உள்ளே வண்டு அடைபட்ட மாதிரி கிர்ரென்று ஒரு சத்தம் வரும். மறுகா கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் வரும். அதற்குப் பிறகுதான் மனிசக் குரல். அன்றைக்கு வண்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். பிஸ்மி சொல்லி இன்னொரு தட்டுத் தட்டினேன். ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம், என் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டு றேடியோவில் செய்தி வாசிக்கத் தொடங்கினார்கள். கிணற்றடியில் ஒரு ஆள் நின்று நேரே கதைக்கிற மாதிரி அவ்வளவு தெளிவு.

எனக்கு வயிறு எரிந்தது. வயசு போன காலத்தில் எழுதுகிறேன், இதைக் கொஞ்சம் மெதுவான சொல்லில் சொல்லலாம். சொல்ல மனமில்லை. எரிந்தது என்றால் எரிந்ததுதான்.

என் கணவர் முதல் நாள்தான் மட்டக்களப்புக்குப் போய்க் கொழும்பு ரயில் ஏறியிருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததால் ஊரில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். நபிகள் மேல் பைத்துப் பாடினால் தெருவில் போகிற வண்டிக்காரனும் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பான். அந்த வருஷம் நபிகள் பிறந்த மீலாத் தினத்தன்று பின்னேரம் வானொலியில் பாட அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் கரையிலிருந்து ஒரு குரல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து காற்றோடு ஊருக்குத் திரும்பி வருவது அந்தக் காலத்தில் சின்ன விசயமில்லை. பாடினால் பாடியதுதான். கேட்கத் தவறியவர்களுக்காக இன்னொரு தரம் பாடவிட மாட்டார்கள்.

அந்த ஒரு பாட்டை என் வீட்டில், என் றேடியோவில், மண்டபம் நிறையப் பெண்களைக் கூட்டி வைத்துக் கேட்கவேண்டும். அதுதான் என் ஆசை. வாழைப்பழமும் வட்டிலப்பமும் யார் யாருக்கு எந்தப் பீங்கானில் வைப்பதென்று கூட நினைத்து வைத்திருந்தேன்.

மீலாத்துக்கு இன்னும் இரண்டு நாள். என் றேடியோ மவுத்து. ராத்தாவின் றேடியோ நல்ல ஆயுசும் ஹயாத்துமாக நாட்டு நடப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரே கடை, ஒரே நாள்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். இருந்த வளவை நடுவில் வேலி போட்டுப் பிரித்து இரண்டு வீடு கட்டினார். அங்கே எத்தனை யன்னலோ இங்கேயும் அத்தனை யன்னல். தென்னம்பிள்ளை நடும்போதுகூட அங்கே ஒன்று நட்டுவிட்டு இங்கே வந்து ஒன்று நடுவார்.

"நாளைக்கு மறுமையில நீங்க ரெண்டு பேரும் என்னப் பிடிச்சிக் கேள்வி கேக்கப்படாது" என்பார்.

நாவிதன்வெளிப் பக்கம் எங்கள் வயல் நன்றாக விளைந்த ஒரு வருஷம், வாப்பா கொழும்புக்குப் போய் இரண்டு றேடியோ வாங்கிவந்தார். ஒரே கடை, ஒரே நாள். நிறம், குமிழ், முகப்பில் ஓடுகிற ஊசி எல்லாம் ஒன்று. எங்கள் தெருவுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. கார் பற்றறியில் பாடுகிற பெட்டிகள் அவை. பற்றறி இறங்கினால் சைக்கிளில் கட்டி நெல் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

என் றேடியோ முதல் மாரிக்கே படுத்துக்கொண்டது. கல்முனைக் கடைத்தெருவில் சாமுவேல் என்று ஒருவர் றேடியோ திருத்துவார். அவரிடம் போய்ப் புதுச் சாமான் போட்டுக்கொண்டு வந்தது. கச்சான் காற்று அடிக்கிற கோடையில் மறுபடியும் படுத்தது. திரும்பவும் சாமுவேல். ராத்தாவின் றேடியோ ஒரு நாள், ஒரு பொழுது இருமவில்லை, தும்மவில்லை.

எனக்கு வேறு என்ன தோன்றும்? வாப்பா நல்லதைத் தெரிந்து மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டார் என்றுதான் தோன்றியது.

ராத்தாவின் குடை

இந்த எரிச்சல் றேடியோவோடு வந்ததில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் வாப்பா கறுப்புக் குடை வாங்கித்தந்தார். என் குடை ஒரு மாரி தாங்கவில்லை. கம்பி வெளியே வந்து, துணி கிழிந்து, கடைசியில் கோழிக்குஞ்சு மூடுகிற கூடாகிவிட்டது. ராத்தாவின் குடை அவளுடைய கலியாணத்துக்கும் வந்தது.

சிலேட்டும் அப்படித்தான். செருப்பும் அப்படித்தான். பெருநாளைக்கு எடுத்த சீத்தைச் சட்டை அவளுடையது அடுத்த பெருநாளைக்கும் மடிப்புக் குலையாமல் இருக்கும். என்னுடையது அடுப்படித் துணியாக இருக்கும்.

இவ்வளவுக்கும் அவள் கவனமான பெண் என்று நினைத்துவிடாதீர்கள். மழை வந்தால் குடையை வீட்டில் வைத்துவிட்டு நனைந்துகொண்டு போவாள். சிலேட்டை எடுத்து எழுதினால்தானே அது உடையும்? நான் குடையை வெயிலுக்கும் விரிப்பேன், மழைக்கும் விரிப்பேன், ஒன்றுமில்லாத நாளில் ஊர் பார்க்கட்டும் என்றும் விரிப்பேன். ஆசையோடு வைத்திருக்கிறவளுடைய பொருள் போகிறது, அசட்டையாகத் திரிகிறவளுடைய பொருள் நிற்கிறது. இது என்ன நியாயம் என்று அந்த வயசிலேயே உம்மாவிடம் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

நான் பார்த்த பார்வை

என் றேடியோவை நான் எப்படி வைத்திருந்தேன் என்று சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கொழும்பிலிருந்து கடும்பச்சை வெல்வெட் எடுப்பித்து அதற்கு ஒரு சட்டை தைத்தேன். முகத்துக்கும் குமிழுக்கும் மட்டும் வாசல் விட்டு, ஓரமெல்லாம் பொன் ஜரிகை வைத்து, உள்ளுக்கு வெள்ளைத் துணி பிடித்து. அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வேறு காரியமாக வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டு றேடியோவுக்கும் ஒன்று தைத்துத்தரச் சொல்லிக் கேட்டார்கள்.

அது அழகுக்கு மட்டும் இல்லை. அந்தப் பெட்டிக்குள்ளால் கிறாஅத் வருகிறது. ஓதுகிற பெட்டி அது. குர்ஆனை வெறுமனே வைப்போமா? பட்டில் சுற்றி, காலடி படாத உயரத்தில் வைப்போம். அதனால் றேடியோவையும் அலுமாரிக்கு மேலே, கூரைக்குக் கிட்ட வைத்தேன். ஓதத் தொடங்கினால் முக்காட்டை இழுத்துவிடுவேன். வியாழக்கிழமை பின்னேரம் வெள்ளி ராவுக்குச் சாம்பிராணி போடும்போது சட்டியை அதற்குக் கீழே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இரண்டாவது தரம் திருத்திக் கொடுக்கும்போது சாமுவேல் சொல்லி அனுப்பினார், "கடல் காத்து ஆகாது. உப்பு உள்ளுக்குப் போய் எல்லாத்தையும் தின்னுது. காத்துப் படாமப் பாருங்க" என்று.

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் கதவுப் பிணைச்சலைக் கேளுங்கள், தையல் மெசினைக் கேளுங்கள், உப்புக் காற்றின் கதையைச் சொல்லும். நானும் சொன்னதைச் செய்தேன். சட்டைக்குள் இன்னொரு மடிப்புத் துணி பிடித்தேன். பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். கடல் பக்கத்து யன்னலைச் சாத்தி, இடுக்கில் சீலைத்துண்டு அடைத்தேன். பகல் முழுக்கப் பாடவிட்டேன். பற்றறி இறங்கி, பாடுகிறவருடைய குரல் நுளம்புச் சத்தமாகப் போகும் வரைக்கும் பாடவிடுவேன். பாதியில் நிறுத்த மனம் வராது.

அந்தப் பக்கம் ராத்தா என்ன செய்தாள்? மண்டபத்து நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் றேடியோ, அம்மணமாக. பின்பக்கத்துப் பலகை கழன்று விழுந்ததை எடுத்து அரிசிமாச் சட்டிக்கு மூடியாக்கிவிட்டாள். பின்னால் எட்டிப் பார்த்தால் உள்ளே வால்வுகள் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். கடல் காற்று முன்னால் வந்து பின்னால் போகும். மச்சான், அவளுடைய புருசன், போகம் முழுக்க வயல் வாடியிலேயே கிடப்பார். அவர் வந்தால்தான் றேடியோ நெடுநேரம் பாடும். வயலுக்கு வண்டி போகிற நாளெல்லாம் பற்றறியையும் ஏற்றிவிடுவார், இறங்கியதோ இல்லையோ, ஆலை வழியில் இருக்கிறதென்று.

அவள் போட்டாலும் ஒழுங்காகப் போடமாட்டாள். நல்ல பாட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும், நான் இங்கே வேலியோரம் துணி காயப்போடுகிற சாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், பாதியில் டக்கென்று நின்றுவிடும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வேலிக்கு மேலால் கேட்டேன்.

"ஏன்கா பாட்ட அறுத்த?"

"சூடாகிட்டுகா. தொட்டுப் பாத்தன். உள்ளுக்க இருந்து கத்துறவனுக்கும் வேர்க்காதா? கொஞ்சம் ஆறட்டும்."

இவளுக்குப் போய் றேடியோ வாங்கிக் கொடுத்தாரே வாப்பா என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே ஆள் இருக்கிறான் என்று நினைக்கிறவள்.

பெட்டி மாற்றினோம்

மாஸ்டருக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் றேடியோவை நம்பமுடியாது. அப்போதுதான் சாமுவேலிடம் இருந்து வந்து நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது, ஆனால் எத்தனை நாளைக்கு? நான் நேரே வேலிக் கடப்பைத் தாண்டி ராத்தா வீட்டுக்குப் போனேன். அவள் குசினிக்கு வெளியே இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, உன்ட பெட்டிய எனக்குத் தா. என்ட பெட்டிய நீ எடு."

"ஏன்கா, என்ன வந்த?"

"உன்டதுதான் நல்லது. வாப்பா உனக்கு நல்லதப் பாத்துக் குடுத்தவர்."

அவள் சண்டைக்கு வருவாள் என்று பதில்களெல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். குடை, சிலேட்டு வரைக்கும் எடுத்துவிட இருந்தேன். அவள் மீன் செதில் ஒட்டிய கையால் முகத்து மயிரை ஒதுக்கிவிட்டு, "எடுத்துட்டுப் போ. எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றாள். பிறகு, "பலகை மாச் சட்டியில கிடக்கு. வேணுமெண்டா கழுவித் தாறன்" என்றாள்.

இப்படிக் கொடுத்தால் வாங்குகிறவளுக்கு என்ன சந்தோசம் இருக்கிறது? பிடுங்கிக்கொண்டு வந்தால்தானே வெற்றி. வாப்பா விசயத்தைக் கேள்விப்பட்டு, "ரெண்டும் ஒரே பெட்டிதானே புள்ள" என்றார்.

ராத்தாவின் பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, மாவைத் துடைத்து, பலகையை இறுக்கிப் பூட்டினேன். வெல்வெட் சட்டையைப் போட்டேன், அளவாகப் பொருந்தியது. அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். சாம்பிராணி பிடித்தேன். என் பழைய பெட்டியை அவள் அதே முக்காலியில் குந்தவைத்தாள். கொஞ்ச நாளில் அதற்கும் பின்பலகை இல்லாமல் போனது. தண்ணீர்ப் பானைக்கு மூடி தேவைப்பட்டிருக்கும்.

அந்தக் கச்சான் காலம் முழுவதும் நான் நிம்மதியாக இருந்தேன். நல்ல பெட்டி என்னிடம் இருக்கிறது. நோயாளிப் பெட்டி அவளிடம் எப்போது சாகும் என்று தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் காது வைத்துக்கொண்டிருந்தேன். அது சாகவில்லை.

செத்தது இது. மீலாத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது.

சட்டைக்கு உள்ளே

மறுநாள் காலை, சாமுவேலிடம் அனுப்புவதற்காகப் பெட்டியை இறக்கினேன். சட்டையைக் கழற்றப் போனபோது அது கழலவில்லை. உள் துணி பெட்டியோடு ஒட்டிக்கிடந்தது. பிய்த்து எடுத்தேன். வெள்ளையாகப் பிடித்த துணி, சோற்றுப் பானை இறக்கிவைக்கிற சீலைத்துண்டு மாதிரித் தவிட்டு நிறமாகப் பொரிந்திருந்தது. அலுமாரித் தட்டில் மெழுகு சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தது. பலகையைக் கழற்றினால் உள்ளே கருகின வாடையும் சாம்பிராணிக் கரியும். ஒரு மூலையில் ஒரு பல்லி காய்ந்து சருகாகக் கிடந்தது.

மெழுகு எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். சுருட்டு அளவில் சின்னச் சின்ன உருளைகள் உள்ளே இருந்தன. ஈரம் படாமல் இருக்கவென்று அவற்றுக்கு மெழுகு பூசியிருப்பார்கள் போல. பூசின மெழுகெல்லாம் உருகி ஓடி, அவை தோலுரிந்து கிடந்தன.

எனக்கு விளங்கியது. எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டில் எந்தப் பெட்டி வந்தாலும் சாகும். வாப்பா ஓரவஞ்சனை செய்யவில்லை. கொழும்புக் கடைக்காரனும் செய்யவில்லை. கடல் காற்றைத் தடுக்கிறேன் என்று பெட்டியின் மூச்சை அடைத்துவிட்டேன். அதைச் செய்தது அலட்சியத்தாலா? இல்லை. மரியாதையால். அதனால் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் போனுக்குத் தடித்த உறை போட்டு, சார்ஜில் குத்தி, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பதைக் கண்டால் நான் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

வாப்பா பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், வெறுங்கையோடு திரும்பிவந்தார்.

"சாமான் மட்டக்களப்பில இரிந்து வரணுமாம். மீலாதுக்குப் பிறகுதான் புள்ள" என்றார். சைக்கிளைச் சாத்திவிட்டு, "ராத்தா வீட்ட போய்க் கேளன்" என்றார்.

"போகமாட்டன்" என்றேன்.

மீலாத் பின்னேரம்

போனேன். வேறு எங்கே போவது? றேடியோ உள்ள தேத்தண்ணிக் கடைக்குப் பெண்பிள்ளை போக ஏலுமா?

நான் கடப்பைத் தாண்டும்போது ராத்தாவின் மண்டபம் நிறைந்திருந்தது. நான் என் வீட்டுக்கு அழைத்திருந்த பெண்கள் எல்லாரும் அங்கே பாயில் இருந்தார்கள். நான் நினைத்து வைத்திருந்த வட்டிலப்பத்தை அவள் செய்து, பீங்கான் பற்றாமல் அலுமினியத் தட்டில் வெட்டி வைத்திருந்தாள். முற்றத்தில் ஆண்கள் நின்றார்கள். முக்காலியில் என் பழைய பெட்டி, சட்டையும் இல்லை, முதுகும் இல்லை, கடல் காற்றைக் குடித்துக்கொண்டு வெகு தெளிவாக அரபியில் ஓதிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு, கொடுத்துவிட்ட பிள்ளை அடுத்த வீட்டில் கொழுகொழுவென்று வளர்வதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"வாகா, கிட்ட இரி" என்று ராத்தா எனக்கு முக்காலியின் இந்தப் பக்கம் இடம் விட்டாள். அந்தப் பக்கம் அவள் இருந்தாள்.

நேரம் போனது. ஓதினார்கள், பேசினார்கள், யாரோ நீளமாக ஒரு சொற்பொழிவு செய்தார். மறுகா மாஸ்டரின் பெயரைச் சொன்னார்கள். ஊர்ப் பெயரையும் சொன்னார்கள். முற்றத்தில் எவரோ "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

முதலில் பாட்டு வரவில்லை. அவர் தொண்டையைச் செருமியதுதான் வந்தது. வீட்டில் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் செருமுவாரே, அதே செருமல். கொழும்பிலிருந்து வந்தது. நான் எழும்பித் தண்ணீர் எடுக்கப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இருந்தேன். பிறகு பாடத் தொடங்கினார்.

எப்படிப் பாடினார் என்று என்னைக் கேட்காதீர்கள். நல்லாப் பாடினார். எனக்கு அந்தக் குரலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவர் மேலே எடுத்துப் போகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

ராத்தா பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி.

"சூடாகிட்டு" என்றாள், தனக்குள்ளேயே. கை குமிழுக்குப் போனது.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. தினமும் செய்கிற வேலை, கை தானாகப் போனது. நான் அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன். பிடித்த பிடியில் அவளுடைய காப்பு என் விரலில் அழுந்தியது. அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு விளங்கியது. கையை இழுக்கவில்லை. நானும் விடவில்லை. மாஸ்டர் மேலே போய், நின்று, இறங்கி, பாட்டை முடிக்கும் வரைக்கும் முக்காலிக்கு மேலால் அவள் கையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்து நான் கையை விட்டதும், ராத்தா வேறொன்றும் பார்க்காமல் குமிழைத் திருகிவிட்டாள்.

"போதும். ஆறட்டும்" என்றாள். மணிக்கட்டில் என் விரல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

மாஸ்டர் இரண்டு நாள் கழித்து வந்தார். தோளில் பை இருக்கும்போதே, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு கேட்டார்.

"கேட்டியா?"

"ஓம்."

"தெளிவா இரிந்ததா?"

"நல்ல தெளிவு."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அலுமாரிக்கு மேலே ஒன்றும் இல்லை. வெல்வெட் சட்டை மட்டும் கொடியில் தொங்கியது.

"எந்தப் பெட்டியில கேட்ட?"

"நம்மட பெட்டியிலதான்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. வாப்பா எனக்கென்று வாங்கித்தந்த பெட்டிதான் அது. இப்போது இருக்கிற இடம்தான் வேறு.

வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். வாளியை வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"ஓம் மாஸ்டர். உங்கட பெட்டியிலதான் நாங்க எல்லாரும் கேட்ட."

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எனக்கு விட்டுத்தந்தாள், அன்றைக்கு மீன் செதில் கையோடு றேடியோவைத் தந்த மாதிரியே. மாஸ்டர் சந்தோசமாகச் சிரித்தார். அவளுக்கு இப்படிக் கொடுக்க முடிகிறதே, எனக்கு அதற்கும் பொறாமையாக இருந்தது.